எவன் பூஜ்யம் போடுவான்?

மூலை மேசையில் வந்து உட்கார்ந்தவர் யாரிடமும் பேசவில்லை. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கீபோர்டையே உற்றுப் பார்த்தார். சட்டைப் பையில் பேனாவோடு ஒரு சின்ன பிரஷ்.

பின்வரிசையில் இருந்த புரோகிராமர் அவசரமாக நிமிர்ந்து உட்கார்ந்தான். தலைமை அலுவலகத்து டெஸ்டர் பத்து மணிக்கு வருவார் என்றுதான் சொல்லியிருந்தார்கள். மனிதர் ஒன்பதரைக்கே வந்துவிட்டார்.

“அவர் வாயே திறக்கமாட்டார், விரல்தான் பேசும். அவர் பாஸ் போட்டாத்தான் உன் வேலை நிரந்தரம்” என்று டீம் லீடர் நேற்றே சொல்லிவிட்டாள். நிரந்தரமாகிவிட்டது என்று மாமனாரிடம் போன மாதமே சொல்லியாயிற்று.

கிளவுட் வழியாகச் செய்தி அனுப்பும் ஜாவா புரோகிராம் அது. ஒரே நேரத்தில் எத்தனை செய்தி போகலாம் என்ற வரம்பை வாடிக்கையாளரே ஒரு கட்டத்தில் நிரப்பிக்கொள்ளலாம். டெஸ்டருக்காக மூலைக் கணினியில் அந்தக் கட்டத்தைத் திறந்து வைத்திருந்தார்கள்; அங்கே தட்டுவது புரோகிராமரின் திரையிலும் தெரியும்.

“தப்பா போட்டா தடுக்கணும்பா” என்று டீம் லீடர் சொன்னபோது, “எவன் மேடம் பூஜ்யம் போடுவான்?” என்று சிரித்தவன் அவன்.

மூலையில் விரல்கள் இறங்கின. கட்டம் நிறைய ஒன்பதுகள். புரோகிராம் படுத்துவிட்டது.

அவசரமாக மேல் வரம்பு ஒன்றை எழுதிச் சேர்த்தான். அடுத்து வந்தது பூஜ்யம். ஒன்றல்ல, ஆறு. ஒரு செய்தியும் நகரவில்லை.

ஒன்றுக்குக் குறைந்தால் ஏற்காதே என்று எழுதி முடிப்பதற்குள் மைனஸ் வந்து நின்றது. பிறகு எழுத்துகள். பிறகு வெறும் ஸ்பேஸ்.

“மனுஷனாடா இவரு? இடமிருந்து வலமா ஒரு பொத்தானை விடமாட்டேங்கறாரு!” என்று பக்கத்து இருக்கைக்காரனிடம் புலம்பினான்.

“நல்லா வேணும் உனக்கு. எழுதுடா, எழுது.”

எழுதினான். பத்துக்கு ஐந்து நிமிடம் இருந்தபோது, எதைத் தட்டினாலும் ‘ஒன்று முதல் ஆயிரம் வரை மட்டும்’ என்று சாதுவாகப் பதில் சொன்னது புரோகிராம். விரல்களும் ஓய்ந்தன.

நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மூலை மேசைக்குப் போய்க் கைகட்டி நின்றான்.

“சார்... பாஸா?”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“கீபோர்டு ஆச்சு தம்பி. அந்த மௌஸைக் குடுங்க, அதையும் துடைச்சிட்டுக் கிளம்பறேன்.”