கோட்டேஸ்வர ராவின் கைகள்

போன மாதம் குண்டூர் ஆஸ்பத்திரியில் நாகமல்லேஸ்வரிக்கு எலும்பு ஸ்கேன் எடுத்தவன் பிரபுதாஸ்தான். விலா எலும்புகளில் ஒடிந்து கூடிய இடங்கள் சில கறுப்பாகவும் சில மங்கலாகவும் தெரிந்தன. ஒரே நாளில் பட்ட அடியாக இல்லை.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா, கண்ணு தெரியாத கழுதை," என்றார் கணவர் கோட்டேஸ்வர ராவ். பிரபுதாஸ் அதையே எழுதிக்கொண்டான்.

இன்று முழங்கால் வலி என்று ராவே வந்திருந்தார். ஊசி போட்டபின், மருந்து எலும்பில் ஏறும்வரை மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். பெசரட்டுக்கு இஞ்சிச் சட்னி கொண்டுவரவில்லை என்று அவ்வளவு நேரமும் மனைவியைத் திட்டினார்.

பிரபுதாஸ் அவரைப் படுக்கவைத்து, கைகளை உடம்போடு சேர்த்துப் பட்டையால் கட்டினான். திரையில் எலும்புக்கூடு மெல்ல உருவானது. அதன் இரண்டு கைகளும் முகத்தை மூடியிருந்தன.

கண்ணாடித் தடுப்பு வழியாக அவரைப் பார்த்தான். கைகள் கட்டியபடியே இருந்தன. மறுபடி எடுத்தான். படம் மாறவில்லை.

"முடிஞ்சுதாப்பா?" என்று ராவ், பட்டையை அவிழ்த்ததும் எழுந்து வெளியே போனார். "எங்கடி என் செருப்பு?"

செருப்பை எடுத்து வைத்துவிட்டு நாகமல்லேஸ்வரி உள்ளே வந்தார். திரையை வெகுநேரம் பார்த்தார்.

"இது அவருதானா தம்பி?"

"அவருதாம்மா."

"அப்ப, போன மாசம் என் படத்துலயும் எல்லாம் தெரிஞ்சிருக்குமே?"

பிரபுதாஸுக்குத் தன் கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.