மூட்டைக்கு ஒரு கிலோ

சுமைக்காரனுக்கும் அவன் மனைவிக்கும் எச்.ஐ.வி. மாத்திரை தவறுவதில்லை, இருந்தும் உடம்பு கரைந்துகொண்டே வந்தது. அவளுக்கு எழுந்து நிற்பதே பெரும்பாடு. "எடை ஏறலன்னா இவங்க தேறுறது கஷ்டம்" என்றார் மருத்துவர்.

கிடங்கில் அவன் சுமந்த சர்க்கரை மூட்டைகள் மட்டும் தராசில் ஒரு கிலோ கூடுதலாக நின்றன. பிரித்துப் பார்த்தார்கள், சர்க்கரையைத் தவிர ஒன்றுமில்லை.

"யோவ், உன் சதையெல்லாம் மூட்டைக்குள்ள போகுதா?" என்று எடைக்காரர் சிரித்தார்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அரை நாளிலேயே வீடு திரும்பி, அவள் கட்டிலருகே முதுகைக் காட்டிக் குந்தினான்.

"ஏறு."

"எங்க போறோம்?"

"எங்கயும் இல்ல. சும்மா ஏறு."

"கிழவனுக்கு வந்த விளையாட்டைப் பாரு!" என்றபடி ஏறிக்கொண்டாள்.

அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தான். நடைக்கு நடை அவள் கனத்தாள். அவன் இடுப்புவார் தளர்ந்தது.

"இறக்குங்க, உங்களுக்கு மூச்சு வாங்குது."

"இன்னும் ஒரு நடை" என்றான்.