கடைசிக் கப்பல்

புது லேப்டொப்புக்குள் பழைய விண்டோஸ் ஒன்றை அப்ராஸ் ஓட வைத்திருக்கிறான். கணினிக்குள் இன்னொரு கணினி. சிறுவயதில் அவனும் அக்கா பஹ்மியாவும் ஒருமுறைகூட முடிக்காத கப்பல் விளையாட்டு அதில் ஓடுகிறது. அந்நாளில் கடைசிக் கட்டம் வரும்போதெல்லாம் கரண்ட் போய்விடும். இப்போது எதிரிக் கப்பல் ஒன்றுதான் மிச்சம். ஜன்னலில் துறைமுகத்து வெயில் எரிகிறது. விளையாடும் பஹ்மியாவின் மூக்குக்கண்ணாடியில் திரையின் நீலக்கடல் அசைகிறது. தலைக்கு மேலே மின்விசிறி மெல்லத் தளர்கிறது. "ராத்தா, கரண்ட் போகுது, சேவ் பண்ணுங்க!" என்று அப்ராஸ் அக்காவைப் பார்த்துக் கத்துகிறான். நாற்பது தாண்டிய இரண்டு கைகள் ஒரே விசைக்குப் பாய்ந்து மோதிக்கொள்கின்றன. லேப்டொப் அணையவில்லை, பற்றரியில் ஓடிக்கொண்டேயிருக்கிறது. கை தடுமாறிய அந்த நொடியில் மூழ்குவது இவர்களுடைய கப்பல். விசிறி நின்ற அமைதியில் பஹ்மியா சிரிக்கிறாள். "இனிக் கரண்டில பழி போட ஏலாது, தம்பி."