ஐஸ் பெட்டி

ஆறு பாட்டில்களும் கழுத்துவரை நிரம்பி, துடைத்த கண்ணாடி பளபளக்க வரிசையாக நின்றன. அதைப் பார்த்ததும் காசிராஜனுக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பெல்லாம் போய்விட்டது.

"சொர்ணத்தாயி, உன்ன மாதிரி ஒரு ஆளு எங்க ஆபீசுல கிடையாது" என்றார்.

எட்டயபுரம் ரோட்டில் அந்தப் பெட்ரோல் பங்க் மூடி இரண்டு வருஷமாகிறது. பூமிக்குள் புதைத்திருந்த டேங்க் ஓட்டையாகி, பெட்ரோல் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. நிலத்தடித் தண்ணீரில் அது எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்க, பங்குக்குள்ளேயே ஒரு குழாய்க் கிணறு போட்டிருந்தார்கள். மாதம் ஒருமுறை அதில் தண்ணீர் எடுத்து, கெட்டுப்போகாமல் ஐஸ் பெட்டியில் வைத்து, சோதனைக்குத் தூத்துக்குடி கொண்டுபோவது காசிராஜனின் வேலை.

முதல் மாதம் அவரே எடுத்தார். தண்ணீர் குப்பென்று நாறியது. உடனே பக்கத்து ஊர்க் கிணற்றில் 'குடிக்கக் கூடாது' என்று சிவப்புப் பெயிண்டில் எழுதி, ஊருக்குத் தண்ணீர் லாரி விட்டார்கள்.

காசிராஜனைச் சோம்பேறி என்று சொல்லக்கூடாது. குனிந்து கயிறு இழுத்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அடுத்த மாதமே காலி பாட்டில்களை, பங்குக்குக் காவலாக மகளோடு அங்கேயே குடியிருந்த சொர்ணத்தாயிடம் ஒப்படைத்துவிட்டார். "நான் வாரதுக்குள்ள நல்லாக் கழுவிப் பிடிச்சு வையி. பெரிய ஆபீசர் கைக்குப் போறது" என்று மட்டும் சொல்லிவைத்தார்.

அதிலிருந்து தண்ணீர் தேறிவிட்டது. அடுத்தடுத்து மூன்று மாதம் சோதனையில் துளி பெட்ரோல் இல்லை. கரிசல் மண் எதையும் குடித்துவிடும் என்று ஆபீசில் மெச்சிக்கொண்டார்கள். கிணற்றில் எழுதியிருந்ததை அழித்தார்கள். லாரியையும் நிறுத்தினார்கள்.

இன்று பாட்டில்களை ஐஸுக்குள் செருகும்போது காசிராஜன் நிமிர்ந்து பார்த்தார். சொர்ணத்தாயின் கால்களில் முழங்கால்வரை கரிசல் சேறு அப்பியிருந்தது. பங்க் முழுக்க சிமெண்டுத் தரை. மழையில் எங்கே போய் வந்தாள் என்று கேட்க வாயெடுத்தவருக்கு வேறொன்று ஞாபகம் வந்தது.

"பானு எங்க?"

பெட்டி திறக்கும் சத்தம் கேட்டால் போதும், அந்த ஏழு வயசுக்காரி ஓடிவந்து கையை நீட்டுவாள். ஒரு ஐஸ் கட்டி வாங்காமல் அவரை விடமாட்டாள்.

"போயிட்டா சார். இன்னையோட இருபத்திரண்டு நாளாச்சு."

காசிராஜன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "என்னம்மா சொல்லுத?"

"ஒரு வாரம்தான் காய்ச்ச. ஒடம்பெல்லாம் நீலம் நீலமா கன்னிப்போச்சு. பெரியாஸ்பத்திரில ரத்தமே கெட்டுப்போச்சுன்னுட்டாவ." அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "என்ன தண்ணி குடிச்சான்னு டாக்டர் கேட்டாரு. ஊர்க் கிணத்துத் தண்ணின்னேன். அதுலதான் கோளாறா சார்? நாந்தான் எம்பிள்ளையக் கொன்னுட்டனா?"

இந்தத் துக்கத்திலும் பாட்டில்களைக் கழுவி நிரப்பி வைத்திருக்கிறாளே என்று நினைத்தார். பெற்றவளின் மனதிலிருந்து அந்தப் பாரத்தையாவது இறக்கிவிட வேண்டும். பையிலிருந்த ரிப்போர்ட்டுகளை எடுத்து அவள் முன்னால் பரப்பினார்.

"இந்தா பாரு. பதினாலு மாசமா இந்தப் பாட்டில் தண்ணியத்தான் சோதிச்சுக்கிட்டு இருக்கோம். ஒரு குறையும் இல்ல. பங்குத் தண்ணியே சுத்தம்னா ஊர்க் கிணறும் சுத்தம்தான? பானு நல்ல தண்ணிதாம்மா குடிச்சா. நீ ஒண்ணும் பண்ணல."

சொர்ணத்தாய்க்குப் படிக்கத் தெரியாது. அந்தக் காகிதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஐஸுக்குள் வேர்த்து நின்ற பாட்டில்களைப் பார்த்தாள்.

"சோதிக்கதுக்கா சார் கொண்டுபோனீங்க? ஐஸ்ல வைக்கவும், ஆபீசர் குடிக்கதுக்குன்னுல்லா நெனச்சேன்."

"குடிக்கவா?"

"அந்த நாத்தத் தண்ணிய எப்படிக் குடுக்கன்னு, மாசாமாசம் மூணு மைலு நடந்துபோயி தோட்டத்துக் கிணத்துல வாங்கியாந்தேன். ஆபீசருக்குன்னதால ஒரு குடம் விட்டாவ. பானு ஒரு வாய் கேட்டும் நான் குடுக்கல, சார்."