கம்பெனிக் கோளாறு

இடுப்பில் துண்டும் தலையில் சோப்பு நுரையுமாக மாப்பிள்ளை குளியலறையிலிருந்து ஓடி வந்தபோது, புகை வந்து முடிந்திருந்தது.

மேஜையில் ட்ரோன் மல்லாந்து கிடந்தது. பக்கத்தில் கையில் பேட்டரியோடு மாமனார் நின்றிருந்தார்.

"நான்தான் மாப்பிள்ளை சொருகினேன். ஓடுதான்னு பார்க்கலாமேன்னு..."

ட்ரோனின் நடுவில் பிஸ்கட் அளவில் ஒரு போர்டு உண்டு. சாயாமல், சுழலாமல் அதைப் பறக்க வைக்கிற மூளை அதுதான். தீய்ந்த நாற்றம் அங்கிருந்துதான் வந்தது.

ரிப்பேருக்குக் கொடுத்த ட்ரோனைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கட்டட கான்ட்ராக்டர் மதியம் வருகிறார். அவரைக்கூடச் சமாளித்துவிடலாம். மாமனாரை எப்படிச் சமாளிப்பது?

காலமெல்லாம் வீடுகளுக்கு வயரிங் செய்து ஓய்வு பெற்றவர் அவர். பறக்கிற பொம்மைக்கு வைத்தியம் பார்ப்பவனை நம்பிப் பெண்ணைக் கொடுத்தோமே, இது சோறு போடுமா என்று நேரில் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார். வந்த நாளாகத் தொழிலைப் பற்றி நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை.

வாய்தான் சும்மா இருந்தது, கை சும்மா இல்லை. மிக்ஸி வயர், மகளின் போன் சார்ஜர், துடைப்பத்தின் பிடி என்று அவர் தொட்டதிலெல்லாம் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. நன்றாக இருந்த காலிங் பெல்லையும் பிரித்துத் திருத்தினார். இப்போது விரலை எடுத்த பிறகும் அது கொஞ்ச நேரம் அடிக்கிறது.

சோப்பு எரிந்த கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு கண்ணில் லென்ஸை வைத்து மாப்பிள்ளை குனிந்தான்.

பேட்டரியிலிருந்து போர்டுக்கு வரும் இரண்டு மெல்லிய வயர்கள் மங்கலாகத் தெரிந்தன. சிவப்பு மைனஸில் இருந்தது. கறுப்பு ப்ளஸில் இருந்தது.

தொழில் கற்க வருகிறவன் முதல் நாள் செய்கிற தப்பு!

அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வீட்டு பல்புக்கு இரண்டு வயரையும் இடம் மாற்றிக் கொடுத்தாலும் எரியும். பேட்டரிக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. நேற்று கொட்டாவி விட்டுக்கொண்டே தான் முடித்து வைத்த வேலையை, காலிங் பெல்லைப் போலவே மனிதர் காலையில் பிரித்துத் திருத்தியிருக்கிறார்.

பற்றிக்கொண்டு வந்தது. நிமிர்ந்தான்.

சமையலறை வாசலில் மனைவி நின்றிருந்தாள். அப்பாவை ஒரு வார்த்தை சொன்னால் இன்று உனக்குச் சாப்பாடு இல்லை என்று கண்ணாலேயே சொன்னாள்.

"கம்பெனிக் கோளாறு மாமா. போர்டு வரும்போதே சரியில்ல."

மாமனார் லென்ஸை வாங்கிக்கொண்டார். அந்த இரண்டு வயர்களையும் நிதானமாக, மிக நிதானமாகப் பார்த்தார். பிறகு லென்ஸைத் துடைத்து மேஜையில் வைத்தார்.

"பாவம், கம்பெனிக்காரன் தூக்கக் கலக்கத்துல செஞ்சிருப்பான். விடுங்க மாப்பிள்ளை."

எவ்வளவு அழகாக நழுவுகிறார் என்று மாப்பிள்ளை அசந்துபோனான்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்து வேலையில் இறங்கினான். போர்டின் ப்ளஸிலும் மைனஸிலும் மீட்டரை வைத்தால் ஓயாமல் கீச்சிட்டது. உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது. இனி அது பிழைக்காது. மோட்டார்களுக்குப் போகிற லைன் தனி என்பதால் அவை தப்பித்தன.

வயர்களை ஓரமாக நறுக்கிச் செத்த போர்டை ஒதுக்கினான். புதுப் போர்டை வைத்து, சிவப்பு ப்ளஸ், கறுப்பு மைனஸ் என்று மாமனார் காதில் விழும்படி சத்தமாகச் சொல்லிக்கொண்டே சால்டர் வைத்தான். அவருக்கும் தெரிந்துகொள்ள ஒரு வாய்ப்பு கொடுக்கலாமே!

சரிபார்த்த பிறகு ஒவ்வொரு ஜாயின்ட்டின் மேலும் ஒரு சொட்டு ஊதா நெயில் பாலிஷ் வைத்தான். அது அவனுடைய முத்திரை. மாதம் ஒரு பாட்டில் காணாமல் போவது எப்படி என்று மனைவி கேட்பதை விட்டுப் பல மாதங்கள் ஆகின்றன.

பேட்டரியை நேராகச் சொருகப் பயமாக இருந்தது. மாமனார் வேறு எதைத் திருத்தியிருக்கிறாரோ? நடுவில் ஒரு கார் பல்பை மாட்டினான். எங்காவது தப்பு இருந்தால் பல்பு விடாமல் எரியும், போர்டு பிழைத்துக்கொள்ளும்.

"அட, சீரிஸ் பல்பு! எங்க தொழில்ல போடுறதுதான்!" என்றார் மாமனார். வந்த நாளாக அவர் முகத்தில் பார்க்காத வெளிச்சம்.

பல்பு ஒரு முறை கண் சிமிட்டி அணைந்தது. ட்ரோன் கீக்கீக் என்று பாடியது.

மாமனார் ஹாலுக்குப் போய் மாமியாருக்கு போன் போட்டார். அவர் போனில் பேசினால் தெருவுக்கே கேட்கும். "கவலைய விடு. மாப்பிள்ளை வேலை தெரிஞ்சவர்."

மாப்பிள்ளைக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு பொய் சொல்லி எத்தனை பெரிய மரியாதையைச் சம்பாதித்துவிட்டோம்! தன் பெருந்தன்மையைத் தானே மெச்சிக்கொண்டு மேஜையைச் சுத்தம் செய்தான்.

குப்பையில் போடச் செத்த போர்டைக் கையில் எடுத்தான்.

கண் இப்போது எரியவில்லை.

நறுக்கிய சிவப்பு நுனி இன்னும் மைனஸில் நின்றது, கறுப்பு ப்ளஸில் நின்றது. டேப் ஒரு துணுக்குக்கூட இல்லை. இரண்டின் மேலும் ஒவ்வொரு சொட்டு, கீறல் விழாத ஊதா.

ஹாலில் மாமனார் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"சேச்சே, அவர் மேல ஒரு தப்பும் இல்ல. கம்பெனிக் கோளாறு."