ஆகாதவன் போன்

"உள்ளதைச் சொல்லு மக்களே. ராஜமணி உனக்கு ஏதாவது தந்தானா?"

ரசலையன் இப்படிக் கேட்டதும் பெபிஷாவுக்கு முகம் விழுந்துவிட்டது. நெட்டில் தேடுகிறவர்களுக்குக் கடைகளை முன்னால் காட்ட வைப்பதுதான் அவள் தொழில். மார்த்தாண்டத்தில் ஒரு பேக்கரி மாடியில் சின்ன அறை, ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான் ஆபீஸ். ரசலையன் கடைக்கும் அவள்தான் அந்த வேலையைப் பார்க்கிறாள்.

"என்ன மாமா இப்படிக் கேக்குதிய?"

"பின்ன? என் போன்ல தேடுனா என் கடைதான் முதல்ல வருது. என் பொண்டாட்டி ராகேல் போன்லயும் அப்படித்தான். நேத்து ஒரு கல்யாண வீட்டுல குளச்சல் கொயர் மாஸ்டரைக் கண்டேன். 'கீபோர்டு சர்வீஸ்'னு தேடுனா ராஜமணி கடைதான் வருதாம். நம்ம பேரையே காணோமாம். எனக்கு ஒண்ணு காட்டுத, ஊருக்கு ஒண்ணு காட்டுத."

சந்தேகம் வந்துவிட்டால் ரசலையனுக்குச் சின்னவர் பெரியவர் தெரியாது. ஆனால் அவர் பயமும் பொய்யில்லை. பாட்டுக்கு வாசிக்கிற கீபோர்டு ரிப்பேர் பார்க்கிறவருக்குக் கிறிஸ்மஸ் வந்தால்தான் வருசமே. சர்ச்சில் பாடுகிற கொயரெல்லாம் தூசி தட்டி எடுக்கிற கீபோர்டில் பாதிக் கட்டை பேசாது. இந்த டிசம்பரில் அவர் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார். மாசம் இப்படியே போனால் கடையைப் பூட்டிவிட்டு, வேண்டாமென்று விட்டுவந்த சவுதி தம்மாமுக்கே திரும்ப விமானம் ஏற வேண்டியதுதான்.

"வாறதே ஒண்ணு ரெண்டு பேரு. அவனுவளும் நெட்டைப் பாத்து வரல்ல. கேட்டா 'ஒருத்தரு சொன்னாரு'ங்கான்."

"மாமா, உங்க கடையை நீங்களே எத்தனை தடவை தேடிப் பாப்பிய?"

"முழிச்சதும் பாப்பேன். சாப்பிட்டுட்டுப் பாப்பேன். கடையில ஆளு வராதப்போவெல்லாம் பாப்பேன்."

"அத்தை?"

"அவளுக்கு என்ன குறைச்சல். பெண்கள் ஜெபக்கூட்டம் முடிஞ்ச உடனே எல்லாரையும் போனை எடுக்கச் சொல்லுவா. தேடி, நம்ம கடையைத் தொட்டாத்தான் காப்பி. சபை முழுக்க நமக்குத்தான் முதல் இடம்."

பெபிஷா தலையில் கை வைத்தாள்.

"அதான் சங்கதி. யாரு எதை அடிக்கடி தொடுதாங்களோ, அதைத்தான் அவங்க போன் முன்னால காட்டும். ஆளுக்கு ஒரு வரிசை மாமா. எல்லாருமா தொட்டுத் தொட்டு, சபைக்குள்ள மட்டும் நீங்க முதல் ஆயிட்டிய. வெளிய இன்னும் கீழதான் கிடக்கிய. கொஞ்சங்கொஞ்சமா ஏறிட்டு வாறிய. என் கம்ப்யூட்டர்ல காட்டுனா நம்புவியளா?"

"நம்ப மாட்டேன்."

"அப்போ உங்க கடையை எட்டிக்கூடப் பாக்காத ஒருத்தரு போன் வேணும். உங்களுக்கு ஆகாத ஆளா இருந்தா ரொம்ப நல்லது."

ஆகாத ஆளுக்கு ஊரெல்லாம் அலைய வேண்டியதில்லை. ராஜமணியும் ரசலையனும் ஒரு காலத்தில் கூட்டுக்காரர்கள். ராஜமணி விற்பனை, இவர் ரிப்பேர். ஒரு ஈஸ்டர் சமயத்தில் வாய்த்தகராறு முற்றிப் பிரிந்தவர்கள், இன்றுவரை முகம் பார்ப்பதில்லை. ராஜமணி இப்போது புதுசு மட்டும்தான் விற்கிறார். ஆனால் போர்டில் 'சர்வீஸ்' என்பதை மட்டும் எடுக்கவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் ரசலையனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ராஜமணி கடை மேம்பாலத்துக்குக் கீழே. ரசலையன் பக்கத்து ஜூஸ் கடை ஓரமாக ஒதுங்கி நின்றார். பெபிஷா மட்டும் உள்ளே போனாள்.

"அண்ணே, என் போன்ல சார்ஜ் இல்ல. ஒரு நம்பர் தேடிக்கிடட்டா?"

ராஜமணி போனை நீட்டினார். அவள் 'கீபோர்டு சர்வீஸ்' என்று தேடினாள், பார்த்தாள், கொடுத்துவிட்டு வந்தாள். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"எத்தனாவது?"

"முதல்ல நீங்கதான்."

ரசலையனுக்கு உயிர் வந்தது. "ஆகாதவன் போன்லயே முதல்லயா? அப்போ பிழைச்சேன். தப்பா நினைச்சுட்டேன் மக்களே, மனசுல வைக்காத."

"அவசரப்படாதீங்க மாமா. அவரு போன்ல நீங்க முதல்ல வாறியன்னா, அவரு உங்களை அடிக்கடி தேடித் தொடுதாருன்னு அர்த்தம்."

வந்த உயிர் திரும்பப் போனது. "வேவு பாக்கான். என் ரேட்டைப் பாத்து என்னைக் கவுக்க வழி தேடுதான். இன்னைக்கு நாலு வார்த்தை கேக்காம விடமாட்டேன்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் கால் வைத்தார். அதற்குள் அவரை முந்திக்கொண்டு ஒருவர் உள்ளே நுழைந்தார். கையில் பெட்ஷீட்டில் பொதிந்த கீபோர்டு.

"சார், போர்டுல சர்வீஸ்னு போட்டிருக்கே. இதுல பாதிக் கட்டை பேசல்ல. கிறிஸ்மஸுக்குள்ள செரியாகுமா?"

"இங்க பாக்கது இல்ல. இந்த வேலைக்கு மார்த்தாண்டத்துல ஒரே ஒரு கைதான் உண்டு. கொஞ்சம் நில்லுங்க." ராஜமணி தலையைக் குனிந்து போனைத் தடவினார். "அவன் நம்பரைக் கோவத்துல அழிச்சுப் போட்டேன். ஒவ்வொரு வாட்டியும் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கு. இந்தா, குறிச்சுக்கிடுங்க."

"யாரு அனுப்புனாங்கன்னு சொல்ல?"

"ஒருத்தரு சொன்னாருன்னா போதும். என் பேரைச் சொல்லிராதீங்க. ரோசக்காரன், அப்புறம் கீபோர்டைத் தொடவே மாட்டான்."