எண் கூடியிருக்கிறது

ஞாயிறு காலை பதினொன்று. திரையில் எண் இன்னும் விழவில்லை.

நல்லபடியாக விழுந்தால் அவன் டாக்டர். இல்லாவிட்டால் அதே பழைய தம்பி.

எட்டு வருடமாக ஒரே கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். சூரியனைச் சுற்றும் ஒரு சிறுகோள். ஊர்க் கண்மாய் அளவுதான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் அதன் ஒளியை அளந்தால், அது இரும்பா வெறும் கரியா என்று சொல்லிவிடலாம்.

சங்கடம் என்னவென்றால், அகச்சிவப்பில் எல்லாமே ஒளிரும். வானம் ஒளிரும். தொலைநோக்கி ஒளிரும். சித்திரை வெயில் குடித்த கட்டிடம் ராத்திரியெல்லாம் ஒளிரும்.

அவன் கல்லைத் தவிர.

அது விலகிப் போய்க்கொண்டிருந்தது. மாதத்துக்கு மாதம் மங்கியது. ஆய்வேட்டை முடிக்க இன்னும் ஒரே ஒரு அளவு வேண்டும். நேற்று எடுத்த அறுபது படங்களையும் கணினி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தது. இது தப்பினால் கல் திரும்பி வர ஐந்து வருடம் ஆகும். பல்கலைக்கழகம் கொடுத்திருந்த கெடு ஐந்து மாதம்.

வழிகாட்டி ரெஜினா மேடம் விடியும்போதே ஒரே வார்த்தையில் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்.

‘எவ்வளவு?’

இதே கேள்வியை ஞாயிறுதோறும் அம்மாவும் போனில் கேட்பாள்.

அம்மா அருப்புக்கோட்டை தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். ஊரில் பாதிப் பேரின் மார்க் ஷீட் அவள் கை வழியாகத்தான் போகும். எண் என்றால் அவளுக்கு மார்க். கூடினால் நல்லது.

வானவியலில் அப்படியே தலைகீழ். எண் கூடக் கூட வெளிச்சம் குறையும். ஒன்று என்றால் பளிச்சென்று தெரியும். பதினாறு என்றால் இருக்கிறதா இல்லையா என்பதே சந்தேகம்.

இதை அவன் அம்மாவிடம் சொல்லவில்லை. முதல் தடவை பதிமூன்று என்றான். அடுத்த மாதம் பதிமூன்றரை. “அட, கூடிருக்கே!” என்றாள். அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட மனம் வரவில்லை.

பிறகு பதினான்கு. பிறகு பதினைந்து. இங்கே கல் மங்க மங்க, அருப்புக்கோட்டையில் கேசரி மணத்தது. மனு எழுதும் பக்கத்து வீட்டுச் சோலையப்பன் ஒரு நாள் போனை வாங்கி வாழ்த்தே சொல்லிவிட்டார்.

“இப்படியே இருபதத் தொட்டுருங்க தம்பி.”

இருபதைத் தொட்டால் கல்லும் இல்லை, பட்டமும் இல்லை. அவன் நன்றி சொன்னான்.

எண் விழுந்தது.

16.1.

பக்கத்தில், பிழை 0.4.

அவன் நாற்காலியில் அப்படியே சரிந்தான். இவ்வளவு பிழை உள்ளதை அளவு என்று எந்தத் தேர்வாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார். படத்தில் பொரி மாதிரி ஏதோ தெரிந்தது. அது கல்லாக இருக்கலாம். கட்டிடத்தின் சூடாகவும் இருக்கலாம்.

எட்டு வருடம். அழுகை வந்தது.

மேடத்துக்கு பதில் எழுதத் தொடங்கினான். 16.1. பிழை 0.

விரல் அங்கேயே நின்றது.

புள்ளிக்குப் பிறகு ஒரு சைபர் போட்டால் போதும். 0.04. அருமையான அளவு. அறுபது படங்களையும் யார் உட்கார்ந்து மறுபடி அடுக்கப் போகிறார்கள்?

போட்டான்.

மேடம், 16.1. பிழை 0.04.

பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. அனுப்பும் பொத்தானுக்குக் கை போனபோது போன் அடித்தது.

“எவ்வளவுடா தம்பி?”

“பதினாறு புள்ளி ஒண்ணும்மா.” குரலைத் தூக்கித்தான் சொன்னான். “கூடிருக்கு.”

அந்தப் பக்கம் அடுப்பைத் தணிக்கும் சத்தம் கேட்டது.

“சுத்தமாப் போயிருச்சா?” என்றாள் அம்மா.

“உனக்கு எப்படிம்மா தெரியும்?”

“ரேங்க்கு மாதிரிதானடா அது. நீ பதிமூணரைன்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும். அஞ்சாப்புல முப்பத்தொண்ணாவது ரேங்க்கு, முப்பத்தெட்டு ஆனப்ப, ‘அம்மா, ஏழு கூடிருக்கு’ன்னு ஓடியாந்தியே. அதே குரலு.”

அன்றைக்கும் அவள் கேசரி கிண்டினாள். முந்திரி போட்டு.

அம்மாவை ஏமாற்றிவிட்டோம் என்று இருபத்தோரு வருடமாக மனதுக்குள் ஒரு பெருமை வைத்திருந்தான். இன்றைக்கு அதுவும் போயிற்று.

“சரி, எத்தன பேர்ல பதினாறு?”

“கணக்கே இல்லம்மா. கோடிக்கணக்குல இருக்கு.”

“அப்பப் பரவால்ல. அன்னிக்கு உன் வகுப்புல நாப்பத்தொரு பேர்தான்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டான்.

“ரவை வறுத்துட்டேன், கருகிரும். வைக்கிறேன்.”

போன் அணைந்தது. திரையில் மேடத்துக்கு எழுதிய ஒற்றை வரி காத்திருந்தது.

சைபரை எடுத்துவிட்டு அனுப்பினான்.